உலகம் முடியப் போகிறது. அவள் தோட்டம் போடுகிறாள்!

அதிகாலை நேரம். ஆஸ்திரேலியாவில் கடலோரமாக ஒரு சிற்றூர். கணவர் எழுந்துவிட்டார். மனைவி இன்னும் தூங்குகிறாள். பக்கத்தில் கைக்குழந்தை. கிறிஸ்துமஸ் பண்டிகை முடிந்து ஓரிரு நாள்தான் ஆகிறது. கணவர் சைக்கிளை எடுக்கிறார். பின்னால் ஒரு சிறு வண்டியை மாட்டுகிறார். பண்ணைக்குப் பால் வாங்கப் போகிறார்.

அவரிடம் கார் இருக்கிறது. பெட்ரோல்தான் இல்லை.

ஏன் இல்லை? பெட்ரோல் அனுப்பும் நாடுகளில் இப்போது ஆட்களே இல்லை. ஒருவர்கூட உயிரோடு இல்லை!

ஒரு நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. அதன் பெயர் "ஆன் தி பீச்". "கடற்கரையில்" என்று பொருள். எழுதியவர் நெவில் ஷூட். 1957-ம் ஆண்டு வெளிவந்தது. கதை நடப்பதாக அவர் வைத்த ஆண்டு 1963. அதாவது, வரப்போகும் காலத்தைப் பற்றி எழுதினார். அந்த 1963 வந்து, போய், அறுபது ஆண்டுகளும் ஓடிவிட்டன. நாம் இருக்கிறோம். ஆனாலும் இந்தக் கதை பழசாகவில்லை.

இதில் பேய் இல்லை. பூதம் இல்லை. வெட்டு, குத்து, இரத்தம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் என் தூக்கத்தை நான்கு இரவுகள் கெடுத்துவிட்டது. பகலில் படிப்பேன். இரவு சாப்பாட்டு நேரத்தில், படித்த வரைக்கும் வீட்டில் கதையாகச் சொல்வேன். என் மனைவி கேட்பாள். அம்மாவும் கேட்பாள். அவர்கள் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

37 நாள் போர்

கதை தொடங்குவதற்குச் சுமார் ஓர் ஆண்டுக்கு முன்பே போர் முடிந்துவிட்டது. அது நடந்தது மொத்தம் 37 நாட்கள்தான். உலகின் வடபாதியில் அணுகுண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். 4,700 குண்டுகளுக்கு மேல் வெடித்தன. வடக்கே எல்லோரும் மாண்டார்கள். குண்டு விழுந்த ஊரும் அழிந்தது. விழாத ஊரும் அழிந்தது. நச்சுத் தூசி காற்றில் பரவிக் கொன்றது.

அந்தக் குண்டுகளில் பலவற்றில் கோபால்ட் என்ற உலோகம் இருந்ததாம். குண்டு வெடிக்கும்போது கோபால்ட் கதிரியக்கப் பொடியாக மாறிவிடும். சாதாரண அணுத் தூசியின் வேகம் சீக்கிரம் தணியும். கோபால்ட் பொடி அப்படி அல்ல. அதன் வேகம் பாதியாகக் குறையவே 5 ஆண்டுக்கு மேல் ஆகும். இப்படி ஒரு குண்டு செய்ய முடியும் என்று 1950-ல் எச்சரித்தவர் லியோ சிலார்டு. அணுகுண்டு பிறக்கக் காரணமாக இருந்த விஞ்ஞானிகளில் ஒருவர்! நல்ல வேளை, அப்படிப்பட்ட குண்டைச் செய்து எந்த நாடும் படையில் சேர்த்ததாகத் தகவல் இல்லை.

நாவலில் அந்தத் தூசி மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி வருகிறது. அவசரப்படவில்லை. பூமத்திய ரேகையைத் தாண்டுகிறது. ஒவ்வோர் ஊராக ரேடியோ ஊமையாகிறது. கடைசியில் மிஞ்சும் பெரிய நகரங்களில் ஒன்று மெல்போர்ன். கூடிப் போனால் செப்டம்பர் மாதம் வரை என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் என் மனைவி கேட்டாள்: "நாம் எந்தப் பாதியில் இருக்கிறோம்?"

உலகப் படத்தை எடுத்துப் பார்த்தோம். பூமத்திய ரேகை நமக்குத் தெற்கே போகிறது. சென்னை, மதுரை மட்டும் அல்ல, கன்னியாகுமரிகூட வடபாதிதான். இலங்கையும் வடபாதிதான். பீட்டர் ஹோம்ஸ் சைக்கிளில் பால் வாங்கப் போகும் முதல் பக்கத்துக்கு முன்பே நாம் எல்லோரும் முடிந்துவிட்டோம்!

அதற்குப் பிறகு அவள் கதையை வேறு மாதிரி கேட்டாள்.

பரிசு வாங்கும் கப்டன்

பால் வாங்கப் போனாரே, அந்த பீட்டர் ஹோம்ஸ் ஆஸ்திரேலியக் கப்பற்படையில் அதிகாரி. மனைவி மேரி. குழந்தை ஜெனிபர். மெல்போர்ன் துறைமுகத்தில் தப்பிப் பிழைத்த ஓர் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. பெயர் "ஸ்கார்ப்பியன்". அதன் கப்டன் ட்வைட் டவர்ஸ். அவருடைய மனைவியும் இரண்டு குழந்தைகளும் அமெரிக்காவில் இருந்தார்கள். அந்த ஊர் எப்போதோ அழிந்துவிட்டது. அது அவருக்குத் தெரியும்.

ஆனால் அவர் என்ன செய்கிறார் தெரியுமா? ஊருக்குத் திரும்பப் போகிறவர் போலவே பேசுகிறார். மகனுக்குத் தூண்டில் வாங்குகிறார். மனைவிக்கு வளையல் வாங்குகிறார். மகளுக்கு, ஏறி நின்று குதித்து விளையாடும் ஸ்பிரிங் கட்டை வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார். கிடைக்கவில்லை. மொய்ரா என்ற பெண்தான் முயன்று ஒன்றைக் கொண்டுவந்து தருகிறாள்.

மொய்ரா அவரை விரும்புகிறாள். அவருக்கும் அவளைப் பிடிக்கும். ஆனால் அவர் மனைவிக்குத் துரோகம் செய்ய மாட்டார். இறந்துபோன மனைவிக்கு! மொய்ரா அதைப் புரிந்துகொள்கிறாள். எப்போதும் குடித்துக் கொண்டிருந்தவள் குடியைக் குறைக்கிறாள். சுருக்கெழுத்தும் டைப்பும் படிக்கச் சேருகிறாள். எந்த ஆபீசில் வேலை பார்க்கப் போகிறாள்? கேட்காதீர்கள். அவளுக்கும் தெரியும்.

மேரி தோட்டம் போடுகிறாள். அடுத்த ஆண்டு பூக்கிற பூவுக்கு இப்போது கிழங்கு ஊன்றுகிறாள். தோட்டத்தில் உட்கார பெஞ்சு வேண்டும் என்கிறாள். கணவர் வாங்கி வருகிறார். புல் வெட்டும் யந்திரமும் வாங்குகிறார்.

கிளப்பில் ஒரு கிழவர். நிலவறையில் 3,000 புட்டிக்கு மேல் பழைய ஒயின் இருக்கிறதே, காலம் முடிவதற்குள் யார் குடித்துத் தீர்ப்பது என்று அவருக்குக் கவலை! மீன் பிடிக்கச் சட்டப்படி செப்டம்பரில்தான் அனுமதி. இந்த ஆண்டு அதுவரை மக்கள் இருக்க மாட்டார்களே! ஆகையால் அரசாங்கம் தேதியை முன்னே தள்ளுகிறது. பாருங்கள், சட்டத்தை யாரும் மீறவில்லை, தேதியைத்தான் மாற்றுகிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிரிப்பு நின்றும் போயிற்று.

செருப்பு தைத்த கதை

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் நாள் எனக்கு இந்த நாவல்மீது எரிச்சல் வந்தது. ஒரு நகரமே சாகப் போகிறது. ஒருவன் கடையை உடைக்கவில்லை. தெருவில் கலகம் இல்லை. ட்ராம் ஓடுகிறது. பால்காரர் பால் ஊற்றுகிறார். இது நடக்கிற காரியமா? இந்த ஆசிரியருக்கு மனிதர்களைத் தெரியாது என்று வீட்டில் சொன்னேன்.

என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

டாக்டர் நாள் குறித்துவிட்டார். அது மாமாவுக்கும் தெரியும். கட்டிலை விட்டு இறங்க முடியாத நிலை. ஒரு நாள் தம் செருப்பைக் கொண்டு வரச் சொன்னார். வார் அறுந்திருந்தது. "இதைத் தைத்துக்கொண்டு வாம்மா" என்றார். இவள் பஸ் நிறுத்தத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கி வந்தாள். மாமா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நன்றாகத் தைத்திருக்கிறான்" என்றார். கட்டிலுக்குக் கீழே வைக்கச் சொன்னார். அதைப் போட்டுக்கொள்ள அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றா சொல்வீர்கள்?" என்று கேட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேரி கிழங்கு ஊன்றும் பக்கத்தை மறுபடியும் படித்தேன்.

ஆனாலும் ஒரு பெரிய நகரம் முழுவதும் அப்படி அமைதியாக இருக்கும் என்று இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. ஷூட் அந்த மக்கள்மேல் வைத்த ஆசையால் கொஞ்சம் கூடுதலாக நல்லவர்களாக்கிவிட்டார். அது அவருடைய சொந்த ஊர்ப்பக்கம். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். விமானம் கட்டும் என்ஜினீயர். இரண்டாம் உலகப் போரில் கப்பற்படைக்காக ஆயுதம் உருவாக்கும் வேலை பார்த்தவர். 1950-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி, மெல்போர்னுக்குத் தெற்கே பண்ணை வைத்து வாழ்ந்தார். தான் நடந்த சாலைகளில்தான் கதைமாந்தரை நடக்கவிட்டார். 1960 ஜனவரியில் காலமானார். கதை நடப்பதாகச் சொன்ன ஆண்டை அவர் பார்க்கவில்லை.

ரேடியோவில் யாரோ!

கதையின் நடுவில் ஒரு நம்பிக்கை எட்டிப் பார்க்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டில் நகருக்குப் பக்கத்திலிருந்து ரேடியோ சத்தம் வருகிறது! தந்தி அடிப்பது போல் ஒழுங்கில்லாத சத்தம். எப்போதாவது ஒரு சொல் புரிகிறது. யாரோ உயிரோடு இருக்கிறார்கள்!

பீட்டரையும் ஏற்றிக்கொண்டு ஸ்கார்ப்பியன் கிளம்புகிறது. பல நாள் கடலுக்கடியில் பிரயாணம். கரை தெரிகிறது. வீடுகள் அப்படியே நிற்கின்றன. மனிதர் இல்லை. உடம்பு முழுவதும் மூடும் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒருவர் மட்டும் கரைக்குப் போகிறார். ரேடியோ நிலையத்துக்குள் நுழைகிறார்.

யார் அங்கே? ஒருவரும் இல்லை. ஒரு ஜன்னல் சட்டம் பெயர்ந்து தந்திச் சாவியின் பக்கத்தில் விழுந்து கிடக்கிறது. காற்று அடிக்கும்போது அது ஆடிச் சாவியைத் தட்டுகிறது. அவ்வளவுதான்!

அவர் ஒழுங்கான செய்தி ஒன்றை அனுப்பிவிட்டு மின்சாரத்தை நிறுத்துகிறார். அங்கே சில வாரப் பத்திரிகைகள் கண்ணில் படுகின்றன. ஊரில் இருந்தபோது அவர் ஒரு தொடர்கதை படித்துக்கொண்டிருந்தார். பாதியில் விட்டுப் போயிற்று. மிச்சப் பகுதிகள் அந்த இதழ்களில் இருக்கின்றன. எடுத்துக்கொள்கிறார். உலகம் முடிந்தாலும் தொடர்கதையின் முடிவு தெரிய வேண்டும்! தொடர்கதை படிக்கிற யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அதே பயணத்தில் இன்னொரு மாலுமி. தான் பிறந்த ஊர்க் கரை தெரிந்ததும் கப்பலிலிருந்து நழுவி நீந்திப் போய்விடுகிறான். அப்பா, அம்மா யாரும் இல்லை. மறுநாள் காலையில் தன் சொந்தப் படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். சாவதானால் தன் ஊரிலேயே சாகிறேன் என்கிறான். கப்டன் அவனை வையவில்லை.

கணவன் மனைவி சண்டை

இந்தப் பயணத்துக்குப் புறப்படும் முன் பீட்டர் மனைவியிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோய் சீக்கிரம் வந்துவிட்டால், தான் திரும்புவதற்குள் வந்துவிட்டால், குழந்தை தனியாகக் கிடந்து துடிக்கக் கூடாது. அப்போது என்ன செய்வது?

மேரி சீறுகிறாள். எங்களைத் தீர்த்துவிட்டு நீ போய்விடப் பார்க்கிறாயா என்ற மாதிரி கத்துகிறாள். அதுவரை பூவும் செடியுமாகப் பேசிக்கொண்டிருந்தவள்! இந்தச் சண்டையை நான் வீட்டில் முழுவதும் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். குண்டு வெடிக்கிற காட்சி இந்த நாவலில் ஒன்றுகூட இல்லை. ஷூட் அந்தப் பயங்கரம் முழுவதையும் ஒரு சமையலறையில், ஓர் அப்பாவும் அம்மாவும் பேசும் பேச்சில் வைத்துவிட்டார்.

1959-ல் இதைச் சினிமாவாக எடுத்தார்கள். ஸ்டான்லி கிராமர் டைரக்ட் செய்தார். கிரிகரி பெக், ஆவா கார்ட்னர் நடித்தார்கள். அதில் கப்டனும் மொய்ராவும் காதலர்களாகிவிட்டார்கள்! ஷூட்டுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. அந்தத் தூண்டிலுக்கு அப்புறம் என்ன அர்த்தம்?

யார் குற்றம்?

கதையில் போரைத் தொடங்கியது யார் தெரியுமா? அல்பேனியா என்ற சிறிய நாடு. அடுத்து எகிப்து. ரஷ்யாவில் செய்த விமானங்களில் எகிப்தியர் வந்து குண்டு போட, ரஷ்யாதான் போட்டது என்று மற்றவர்கள் திருப்பி அடிக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. குண்டைச் செய்தது பெரிய நாடு. விமானம் கட்டியதும் விற்றதும் பெரிய நாடு. பழி மட்டும் சின்ன நாட்டுக்கா? நாவல் எழுதிய காலத்தில் ஆஸ்திரேலிய மண்ணிலேயே, மரலிங்கா என்ற இடத்தில், பிரிட்டன் அணுகுண்டுச் சோதனை நடத்திக்கொண்டிருந்தது. அது 1956-ல் தொடங்கியது.

தூசி கொல்லும் என்பதும் வெறும் கற்பனை அல்ல. 1954 மார்ச் 1-ந் தேதி அமெரிக்கா பசிபிக் கடலில் பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அபாய எல்லைக்கு வெளியே ஒரு ஜப்பானியப் படகில் 23 பேர் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. எல்லோரும் நோயில் விழுந்தார்கள். ரேடியோ வேலை பார்த்த குபோயாமா செப்டம்பரில் இறந்தார். நாவலில் வருவது போல் உலகம் முழுவதும் ஒரே சீராகத் தூசி பரவி ஒருவர் விடாமல் சாவார்கள் என்பதைத்தான் விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதில்லை.

இதை யாராலும் தடுத்திருக்க முடியாதா என்று மேரி கடைசிக் கட்டத்தில் கேட்கிறாள். பீட்டர் யோசிக்கிறார். பிறகு அவர் சொல்லும் பதில் என்னைத் தூக்கிப் போட்டது. பத்திரிகைகளால் முடிந்திருக்கும் என்கிறார்! மக்களுக்கு உண்மையை எடுத்துச் சொல்லிக் கண்ணைத் திறந்திருக்கலாமாம். ஆனால் மக்களுக்கு வேண்டியிருந்தது நீச்சலுடைப் பெண்களின் படமும் கற்பழிப்பு வழக்குச் செய்தியும்தானாம். யாரும் அதை மாற்றவில்லையாம்.

இந்த நாவல் முதலில் எதில் வந்தது தெரியுமா? லண்டன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றில், 1957 ஏப்ரலில், நான்கு பகுதிகளாக! பத்திரிகையைத் திட்டும் கதையைப் பத்திரிகையே போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இதை எழுதும் எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தடுக்கப் பார்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1962 செப்டம்பரில் ராஜாஜி தம் 83-வது வயதில் அமெரிக்கா போனார். ஜனாதிபதி கென்னடியை நேரில் கண்டு, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே கியூபா விவகாரத்தில் உலகம் போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. 1963 ஆகஸ்டு 5-ந் தேதி மாஸ்கோவில் அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. வானத்திலும் கடலுக்கடியிலும் சோதனை கூடாது. பூமிக்கடியில் மட்டும் நடத்தலாம். நாவலில் மெல்போர்ன் மக்கள் சாகத் தொடங்குவது ஏறக்குறைய அதே மாதம்! நிஜத்தில் அந்த மாதம் அங்கே ட்ராம் ஓடியது. பால் வந்தது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போயின.

குண்டுகள் மட்டும் போகவில்லை. இன்று 9 நாடுகளிடம் 12,000-க்கு மேல் இருக்கின்றன. நம் நாடும் அந்த ஒன்பதில் ஒன்று.

அம்மாவின் கேள்வி

நான்காம் நாள் இரவு கதையை முடித்தேன். பீட்டரும் மேரியும் குழந்தையும் போய்விட்டார்கள். கப்டன் தம் கப்பலை ஆழக் கடலுக்குக் கொண்டுபோய் மூழ்கடிக்கப் புறப்பட்டார். மொய்ரா கரையில் காரில் உட்கார்ந்து, கப்பல் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு கதை முடிந்தது.

என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டா, அந்த ஊரில் மாடுகள் இருந்ததே, அவை?" என்று கேட்டாள்.

மனிதர்களுக்குப் பிறகும் மாடுகள் கொஞ்ச நாள் இருக்கும் என்று கதையில் வருகிறது என்றேன்.

"யார் தீனி போடுவது?"

புத்தகத்தைப் புரட்டினேன். மொய்ராவின் அப்பா பண்ணைக்காரர். தாங்கள் போன பிறகு மாடுகள் என்ன செய்யும் என்று அவருக்கும் அதே கவலை இருக்கிறது. வைக்கோலை அவற்றுக்கு எட்டும்படி வெளியே போட்டு வைப்பதைப் பற்றிப் பேசுகிறார். அந்த இடத்தை அம்மாவுக்குச் சொன்னேன்.

அம்மா தலையை ஆட்டினாள்.

"தண்ணீர்?" என்று கேட்டாள்.